டப்பா இருக்கா?

ஊக்கமருந்து வழக்கு என்று யார் வந்து உட்கார்ந்தாலும் நான் முதலில் கேட்பது, "டப்பா இருக்கா?" என்றுதான். நோட்டீஸை அப்புறம் படித்துக்கொள்ளலாம். எந்தப் போட்டி, என்ன மருந்து சிக்கியது, யார் கொடுத்தது, எல்லாம் அப்புறம். பிள்ளை குடித்த பவுடரின் டப்பாவும், அதில் ஒட்டியிருந்த சீட்டும், கடை பில்லும் வீட்டில் இருக்கிறதா என்று தெரிந்தால்தான் அடுத்து என்ன செய்யலாம் என்று என்னால் சொல்ல முடியும்.

நான் வக்கீலாக இருப்பது பாலக்காடு மாவட்டம் சித்தூரில். ஆந்திராவில் இருக்கிற சித்தூர் இல்லை, கேரளத்துச் சித்தூர். இங்கிருந்து கிழக்கே கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம் என்று எல்லைவரைக்கும் வீட்டில் தமிழ் பேசுகிற சனம் ஏராளம். தமிழ் மீடியம் பள்ளிக்கூடங்கள் உண்டு. ரேஷன் கார்டு கேரளா, துணிமணி பொள்ளாச்சி, பெரிய ஆஸ்பத்திரி என்றால் கோயம்புத்தூர். பாலக்காட்டுக்கு அந்தப் பக்கம் முண்டூர், பறளிப் பள்ளிகள் ஓட்டக்காரர்களை வளர்த்த பள்ளிகள். முண்டூரில் படித்த பி.யு. சித்ரா 2017-இலும் 2019-இலும் ஆசியத் தடகளத்தில் 1500 மீட்டர் தங்கம் வாங்கினார். பாலக்காட்டு முரளி ஸ்ரீசங்கர் 2022 பர்மிங்காம் காமன்வெல்த்தில் நீளம் தாண்டுதலில் வெள்ளி வாங்கினார். இதையெல்லாம் பார்க்கிற ஒரு தோப்பு வேலைக்காரர், தன் பிள்ளைக்கு ஓட வருகிறது என்றால் என்ன நினைப்பார்? ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ரயில்வேயிலோ போலீஸிலோ ஒரு வேலை. அந்த ஆசையில்தான் வாரக்கூலியில் மிச்சம் பிடித்துப் புரோட்டீன் டப்பா வாங்குகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது.

நிலத்தகராறு, ஜீவனாம்சம், செக் வழக்கு, இதுதான் என் அன்றாடம். ஸ்டீராய்டு, சப்ளிமெண்ட் சட்டத்தை மட்டுமே தொழிலாக வைத்திருக்கிற வக்கீல்கள் அமெரிக்காவில் உண்டு. அங்கே 1990-இல் வந்த சட்டத்துக்குப் பிறகு, மருந்துச்சீட்டு இல்லாமல் அனபாலிக் ஸ்டீராய்டு, அதாவது தசையை வளர்க்கிற ஹார்மோன் மருந்து, கையில் வைத்திருப்பதே குற்றம். அதனால் அப்படி ஒரு வக்கீல் கூட்டம் உருவானது. நம் நாட்டில் ஸ்டீராய்டு போதைப்பொருள் சட்டத்துக்குள் வராது. ஆனால் விளையாட்டுக்காரர் உடம்பில் அது இருந்தால் வேறு ஒரு சட்டம் பிடித்துக்கொள்ளும். 2022-இன் தேசிய ஊக்கமருந்து தடுப்புச் சட்டம், அதன் கீழ் தேசிய ஊக்கமருந்து தடுப்பு முகமையான நாடாவின் விதிகள், அவற்றுக்கு மேலே உலக ஊக்கமருந்து தடுப்பு முகமையான வாடாவின் கோட்பாடு.

அந்த விதிகளின் முதல் கூறு ரொம்பக் கடுமையானது. உன் உடம்புக்குள் என்ன போகிறது என்பதற்கு நீதான் பொறுப்பு. சிறுநீரில் தடை செய்த பொருள் இருந்தால் குற்றம் நிரூபணமாகிவிட்டது. தெரிந்து எடுத்தாயா, தெரியாமல் எடுத்தாயா என்ற கேள்வி தண்டனையை முடிவு செய்யும்போதுதான் வரும். அங்கேயும், ஸ்டீராய்டு போன்றவற்றில், 'தெரியாது' என்பதை நிரூபிக்க வேண்டியவர் விளையாட்டுக்காரர்தான். கொலை வழக்கில்கூடக் குற்றம் சாட்டுகிறவர்தான் நிரூபிக்க வேண்டும் என்று சட்டக் கல்லூரியில் படித்து வந்த எனக்கு, இந்த விதியை முதலில் படித்தபோது நெஞ்சு கனத்தது. இதற்கு நியாயம் இல்லாமல் இல்லை. 'எனக்குத் தெரியாது' என்ற ஒரு வார்த்தையில் எல்லோரும் வெளியே போய்விட்டால் சுத்தமாக ஓடுகிற பிள்ளைக்கு யார் பதில் சொல்வது? ஆனால் அந்த விதி டெல்லியில் ஊட்டச்சத்து நிபுணரை வைத்திருக்கிற வீரரையும், வேலந்தாவளத்தில் ஜிம் மாஸ்டர் சொன்னதைக் கேட்கிற பையனையும் ஒரே தட்டில் வைக்கிறது.

அனபாலிக் ஸ்டீராய்டு என்றால் தொடக்கத் தண்டனை 4 ஆண்டுத் தடை. வேண்டுமென்று எடுக்கவில்லை என்று நிரூபித்தால் 2 ஆண்டு. கலப்படமான சப்ளிமெண்டிலிருந்து வந்தது, தன் மேல் பெரிய தவறு இல்லை என்று நிரூபித்தால் 2 ஆண்டிலிருந்து கீழே, வெறும் கண்டிப்புவரை குறையலாம். இதற்கு நடுவில் ஒரு வாசல் திறந்திருக்கிறது. குற்றச்சாட்டு நோட்டீஸ் கிடைத்த 20 நாளுக்குள் குற்றத்தையும் தண்டனையையும் ஒப்புக்கொண்டால் 4-இல் 1 ஆண்டு கழியும், 3 ஆண்டோடு முடியும்.

இந்த 20 நாள்தான் வக்கீலுக்கு உயிர் போகிற நாள். ஒப்புக்கொண்டால் 3 நிச்சயம். போராடித் தோற்றால் 4. ஜெயித்தால் 2-க்குக் கீழே. பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு ஒரு வருஷம் என்பது ஒரு பல்கலைக்கழகப் போட்டி, ஒரு தேசியப் போட்டி, ஒரு வேலைக்கான வயது வரம்பு. இந்தக் கணக்கைப் போட எனக்கு வேண்டியது டப்பா. எந்தப் பொருளிலிருந்து வந்தது என்று காட்ட முடியாவிட்டால், எவ்வளவு உண்மையாகப் பேசினாலும் விசாரிக்கிற நாடாவின் ஒழுங்குக் குழு அதை வெறும் சொல்லாகத்தான் எடுத்துக்கொள்ளும்.

ஒரு பையனின் வழக்கைச் சொல்கிறேன். அடையாளங்களை மாற்றியிருக்கிறேன். குண்டு எறிகிற பையன், கல்லூரியில் முதல் வருஷம். அவன் சிறுநீர் மாதிரியில் மெத்தாண்டியனோன் என்ற அனபாலிக் ஸ்டீராய்டு இருந்தது. நோட்டீஸ் முழுக்க இங்கிலீஷ். அப்பாவுக்குத் தமிழ் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியும், மலையாளம் பேச மட்டும் வரும். எல்லைப்பக்கத்து வீட்டுக்கு வருகிற அரசாங்கக் காகிதமெல்லாம் இப்படித்தான், யாராவது ஒருவர் படித்துச் சொல்ல வேண்டும். இவர்கள் படித்துச் சொல்ல ஆள் தேடியதிலேயே 20 நாளில் பாதி போயிருந்தது.

"டப்பா இருக்கா?" என்று அம்மாவிடம் கேட்டேன்.

"கழுவி வெச்சு தொவரம்பருப்பு போட்டிருக்கேனுங்க வக்கீலம்மா. நல்லா இறுக்கமா மூடுது. எதுக்குங்க?"

"பருப்பைக் கொட்டாதீங்க. அப்படியே எடுத்துட்டு வாங்க."

அன்றைக்குச் சாயங்காலமே பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தார். இரண்டு கிலோ பிளாஸ்டிக் டப்பா. கறுப்பு நிறம், மேலே நரம்பு புடைத்த ஒரு கை. உள்ளே தேடிப் பார்க்கப் பவுடர் ஒரு பொட்டு இல்லை. ஆனால் அடியில் ஒட்டியிருந்த சீட்டை அந்த அம்மா சுரண்டவில்லை. கழுவிக் கழுவி ஓரம் வெளுத்திருந்தாலும் பேட்ச் எண் படிக்க முடிந்தது. இறக்குமதி செய்தவரின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் இன்னொரு ஸ்டிக்கர், அதற்கடியில் பழைய ஸ்டிக்கரின் ஓரம் தெரிந்தது. உணவுப் பாதுகாப்பு உரிமத்துக்கு 14 இலக்கம் இருக்க வேண்டும், இதில் 13 இருந்தது. சேர்மானப் பட்டியலில் பாதிக்கு மேல் 'தனிக் கலவை' என்ற ஒரே தலைப்புக்குள் அடக்கம், அதில் எது எத்தனை மில்லிகிராம் என்று இல்லை. டப்பாவைக் கையில் வாங்கியதும் இந்த வழக்கை நடத்தலாம் என்று தோன்றிவிட்டது.

அப்புறம் அவன் நண்பன் ஒருவன் பொள்ளாச்சியில் அதே கடையில் அதே பேட்ச்சில் சீல் உடைக்காத டப்பா ஒன்று வாங்கினான், இந்த முறை பில்லோடு. வீட்டில் திறந்து கிடந்த டப்பாவுக்கு இந்த வழக்குகளில் மதிப்புக் குறைவு. நீயே கலந்திருக்கலாமே என்பார்கள். சீல் உடைக்காததை, வேறொருவர் வாங்கி, அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்கு நேராக அனுப்பினால்தான் அந்தப் பேச்சு எடுபடாது. செலவு அதிகம். அவன் கல்லூரிப் பசங்கள் பிரித்துக் கொடுத்தார்கள். ஆய்வக முடிவு அவன் பக்கம் வந்தது.

இன்னொன்றும் அவனைக் காப்பாற்றியது. மாதிரி எடுக்கிறபோது ஒரு படிவம் நிரப்பச் சொல்வார்கள். கடந்த 7 நாளில் என்ன மருந்து, என்ன சப்ளிமெண்ட் எடுத்தாய் என்று அதில் ஒரு கட்டம் இருக்கும். 90 மில்லி சிறுநீர் சேருகிறவரை உட்கார்ந்து உட்கார்ந்து, பக்கத்தில் நிற்கிற அதிகாரியைப் பார்த்துப் பயந்து, பெரும்பாலான பிள்ளைகள் அந்தக் கட்டத்தில் 'இல்லை' என்று எழுதிவிடுகிறார்கள். எழுதினால் மாட்டிக்கொள்வோம் என்று நினைப்பு. இவன் தப்பும் தவறுமான இங்கிலீஷில் டப்பாவின் பெயரை எழுதியிருந்தான். மறைக்கிறவன் எழுதுவானா என்று குழுவின் முன் நான் கேட்க அந்த ஒரு வரி போதுமானதாக இருந்தது. விசாரணை வீடியோவில் நடந்தது. பையன் என் அறையில், இஸ்திரி போட்ட சட்டையில், கையைத் தொடைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். 4 ஆண்டு என்று வந்தது ஒன்றரை ஆண்டில் முடிந்தது.

அதே காலத்தில் வந்த ஒரு பெண்ணுக்கு 3 ஆண்டை ஒப்புக்கொள்ளத்தான் நான் சொல்ல வேண்டியிருந்தது. அவள் குடித்தது டப்பாவில் வந்ததல்ல. பெரிய டப்பாவிலிருந்து ஜிம் மாஸ்டர் பாலிதீன் கவரில் பிரித்துக் கட்டி, கவருக்கு இவ்வளவு என்று விற்றது. டப்பா வாங்க வசதியில்லாத பிள்ளைகளுக்கு உதவி செய்கிறேன் என்று அவர் சொன்னாராம். கவரும் இல்லை, சீட்டும் இல்லை, பில்லும் இல்லை. அவளும் பொய் சொல்லவில்லை என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். ஆனால் அதைக் குழுவின் முன்னால் வைக்க என்னிடம் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை.

பயிற்சியாளர் கொடுத்தார், நான் குடித்தேன் என்பது எடுபடாது என்பதற்கு நம் நாட்டிலேயே பெரிய வழக்கு இருக்கிறது. 2011-இல் இந்தியப் பெண்கள் தொடர் ஓட்ட வீராங்கனைகள் ஆறு பேர் ஸ்டீராய்டில் சிக்கினார்கள். அவர்களில் மூன்று பேர் 2010 டெல்லி காமன்வெல்த்தில் 4x400 தங்கம் வாங்கிய அணியில் இருந்தவர்கள். உக்ரைன் பயிற்சியாளர் சீனாவிலிருந்து வாங்கிக் கொடுத்த ஜின்செங் மாத்திரையில்தான் கலந்திருந்தது என்று வாதாடினார்கள். நாடாவின் ஒழுங்குக் குழு இரக்கம் காட்டி 1 ஆண்டோடு விட்டது. சர்வதேசத் தடகள சம்மேளனம் சுவிட்சர்லாந்தில் உள்ள விளையாட்டு நடுவர் மன்றத்துக்குப் போனது. 2012 ஜூலையில் அது அப்போதைய முழுத் தண்டனையான 2 ஆண்டாக உயர்ந்தது. லண்டன் ஒலிம்பிக் போயிற்று. தேசிய முகாமுக்குள் இருந்து, அரசாங்கம் நியமித்த பயிற்சியாளர் கையால் வாங்கியவர்களுக்கே அந்த நிலை. அவர்கள் மாத்திரையை டாக்டரிடமோ சம்மேளனத்திடமோ காட்டிக் கேட்டிருக்க வேண்டும் என்று சட்டம் எதிர்பார்க்கிறது. நம்மூர் ஜிம் மாஸ்டர் சொன்னார் என்று நான் போய் நின்றால் என்ன ஆகும்?

சாதாரண மருந்தும் சிக்கவைக்கும். பிருத்வி ஷா 2019-இல் இருமல் மருந்தில் இருந்த டெர்புட்டலின் என்ற தடை செய்த பொருளால் 8 மாதத் தடை வாங்கினார். வீசிங் உள்ள பிள்ளைகளுக்கு இன்ஹேலரில் எடுக்கும் சால்புட்டமால் 24 மணி நேரத்தில் 1600 மைக்ரோகிராம் வரை அனுமதி. அதே மருந்தை மாத்திரையாக விழுங்கினால் தடை, முன்கூட்டியே மருத்துவ விலக்கு வாங்கியாக வேண்டும். எங்கள் பக்கம் நான் அழுத்திச் சொல்வது எட்டிக்கொட்டை. சுத்தி செய்த எட்டி சேர்ந்த மருந்து நரம்புக்கும் வாதத்துக்கும் நாட்டு வைத்தியத்தில் உண்டு. அதில் இருக்கிற ஸ்ட்ரிக்னின், போட்டிக் காலத்தில் தடை செய்யப்பட்ட தூண்டுபொருள். மூட்டு வலிக்குப் பாட்டி சாப்பிடுகிற மாத்திரையைப் பேரனும் ஒன்று போட்டுக்கொண்டு மறுநாள் ஓடப் போனால் அது வழக்கு. வைத்தியர்மேல் தப்பில்லை, பாட்டிமேல் தப்பில்லை. ஓடுகிற பிள்ளை என்று வைத்தியரிடம் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

2023-இல் இந்தியாவில் எடுத்த 5,606 மாதிரிகளில் 213-இல் தடை செய்த பொருள் இருந்தது என்கிறது வாடாவின் அறிக்கை. 3.8 சதவீதம். அதிகமாகச் சோதனை செய்கிற நாடுகளில் அந்த ஆண்டு இவ்வளவு விகிதம் வேறு எங்கும் இல்லை. இந்தத் தகவல் வெளியானதும் வீரர்களைத்தான் எல்லோரும் திட்டினார்கள். அப்படிச் சிக்கியவர்களுக்கு அந்தப் பொருளை யாரோ ஒருவர் கொடுத்தார், விற்றார், ஊசி போட்டார். கொடுத்தவர்களில் எத்தனை பேர் நீதிமன்றப் படி ஏறினார்கள் என்று நான் ஒவ்வொரு விசாரணையின்போதும் நினைக்கிறேன்.

பயிற்சியாளர் கொடுத்தது நிரூபணமானால் ஊக்கமருந்து விதியில் 4 ஆண்டிலிருந்து ஆயுள்வரை தடை உண்டு. ஆனால் ஜிம் மாஸ்டரும் கடைக்காரரும் எந்தச் சம்மேளனத்திலும் இல்லாதவர்கள். விளையாட்டிலிருந்து தடை செய்தால் அவர்களுக்கு என்ன? அவர்களைப் பிடிக்க வேண்டியது 1940-இன் மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டம். நாண்ட்ரோலோன் போன்ற ஸ்டீராய்டுகள் அட்டவணை எச் மருந்து, டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. உரிமமே இல்லாமல் மருந்து விற்றால் 3 முதல் 5 ஆண்டு சிறை, 1 லட்சத்துக்குக் குறையாத அபராதம். தண்டனையில் குறை இல்லை. நடத்துவதில்தான் சிக்கல். இந்தக் குற்றங்களில் போலீஸ் எஃப்.ஐ.ஆர். போட்டுக் கைது செய்ய முடியாது, மருந்து ஆய்வாளர்தான் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சட்டப்படி அது சரியான தீர்ப்பு. ஆனால் ஊருக்கு ஊர் போலீஸ் ஸ்டேஷன் இருக்கிறது, மருந்து ஆய்வாளர்கள் அப்படி இல்லை. கேரளத்து ஆய்வாளருக்கு கோபாலபுரம் தாண்டினால் அதிகாரம் இல்லை, தமிழ்நாட்டு ஆய்வாளருக்கு இந்தப் பக்கம் இல்லை. விற்கிறவர் இதை நன்றாகத் தெரிந்து வைத்திருக்கிறார். சரக்கு ஒரு மாநிலத்தில், வாடிக்கை இன்னொரு மாநிலத்தில்.

விளையாட்டுக்காரர்களைவிட எனக்கு அதிகம் கவலை தருவது வேறு பையன்கள். போலீஸ் செலக்‌ஷனுக்கும் பட்டாள ரிக்ரூட்மெண்டுக்கும் ஓடிப் பழகுகிறவர்கள், ஆணழகன் போட்டிக்கு நிற்கிறவர்கள். இவர்களைப் பெரும்பாலும் யாரும் சோதிப்பதில்லை, நோட்டீஸும் வராது. ஸ்டீராய்டு எடுப்பதைக் 'கோர்ஸ் போடுறது' என்று சகஜமாகச் சொல்கிறார்கள். மயக்க ஊசி போட்டபின் ரத்த அழுத்தம் விழுந்தால் தூக்கிவிட ஆபரேஷன் தியேட்டரில் போடுகிற மெஃபென்டெர்மின் ஊசியை, பயிற்சிக்கு முன்னால் தெம்புக்கென்று தங்களுக்குத் தாங்களே போட்டுக்கொள்கிறார்கள். அப்படி ஒரு பையனின் தங்கை என்னிடம் வந்து, அண்ணன் ராத்திரி தூங்குவதே இல்லை, நெஞ்சு படபடக்கிறது என்கிறான், இதற்குக் கேஸ் போட முடியுமா அக்கா என்று கேட்டாள். முதலில் டாக்டரிடம் கூட்டிப் போ, ஊசிக் குப்பியை மட்டும் தூக்கிப் போடாதே என்றேன். குப்பியில் பேட்ச் எண் இருக்கும். மருந்து ஆய்வாளர் மனசு வைத்தால், அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு எந்த மொத்த வியாபாரியிடமிருந்து வெளியே போனது என்று கண்டுபிடிக்கலாம்.

பவுடர் டப்பாவுக்கு மருந்துச் சட்டம் இல்லை, உணவுச் சட்டம். 2006-இன் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழுள்ள விதிகள், சப்ளிமெண்டில் ஹார்மோனோ ஸ்டீராய்டோ சேர்க்கவே கூடாது என்கின்றன. அதிகாரி மாதிரி எடுத்தால் நான்கு பங்காகப் பிரித்துச் சீல் வைக்க வேண்டும், கடைக்காரர் கேட்டால் ஒரு பங்கை வேறு ஆய்வகத்துக்கு அனுப்பலாம், எல்லாம் ஒழுங்காகவே எழுதியிருக்கிறது. ஆனால் புரதம் எத்தனை கிராம் என்று பார்ப்பது ஒரு வேலை, துளியூண்டு ஸ்டீராய்டைத் தேடுவது வேறு வேலை. பின்னதற்கு மூலக்கூறுகளை எடையை வைத்து அடையாளம் காணும் மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி வேண்டும், எதைத் தேடுகிறோம் என்று முன்னாலேயே தெரிய வேண்டும். இறக்குமதி என்று எழுதியிருந்தால் தரம் என்று நினைக்கிறவர்களுக்கும் ஒன்று. அமெரிக்காவின் 1994 சட்டப்படி சப்ளிமெண்டை விற்பதற்கு முன்னால் அரசாங்கம் சோதித்து ஒப்புதல் தருவதில்லை. நல்ல சரக்கு என்பது தயாரிப்பாளரின் பொறுப்பு. கெட்டது நடந்த பிறகுதான் அதிகாரி வருவார்.

எல்லைக்காரர்களுக்கு இதில் ஒரே ஒரு சட்டம் கை கொடுக்கிறது. 2019-இன் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். பழைய சட்டத்தில் பெரும்பாலும் கடை இருக்கிற ஊருக்குத்தான் போக வேண்டியிருந்தது. இப்போது வாங்கியவர் குடியிருக்கிற மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். பொள்ளாச்சிக் கடைமேல் பாலக்காட்டில் வழக்குப் போடலாம். கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் இல்லை. பொருளால் கேடு வந்தால் தயாரிப்பாளர், விற்றவர் இருவரையும் பொறுப்பாக்கத் தனி அத்தியாயமே இருக்கிறது. 2 ஆண்டுக்குள் போட வேண்டும். குண்டு எறிகிற பையனுக்காக நான் போட்டிருக்கிறேன். தடைக் காலத்தில் இழந்த உதவித்தொகை, ஆய்வகச் செலவு, போன பெயர், எல்லாம் சேர்த்து.

கடைக்காரரின் வக்கீல் கெட்டிக்காரர். முதல் டப்பாவுக்குப் பில் எங்கே என்றார். வாங்கிய அன்று பையன் அண்ணனின் போனிலிருந்து பணம் அனுப்பியிருந்தான், அந்த வங்கிக் கணக்குப் பக்கத்தைக் கொடுத்தேன். டப்பா எங்கள் கடையுடையதுதான் என்பதற்கு என்ன சாட்சி என்றார். ஸ்டிக்கர்மேல் ஒட்டிய ஸ்டிக்கரையும், பில்லோடு வாங்கிய டப்பாவில் அதே ஸ்டிக்கர் இருப்பதையும் காட்டினேன். இப்போது நுகர்வோர் ஆணையமே ஒரு மாதிரியைச் சீல் வைத்து ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும் என்று மனு கொடுத்திருக்கிறேன். சட்டத்தில் அதற்கு இடம் இருக்கிறது, அறிக்கைக்கு 45 நாள் கெடு. அதே பேட்ச்சில் சீல் உடைக்காத டப்பா இன்னொன்று கிடைத்தால்தான் நடக்கும். கடையில் அந்தச் சரக்கு இப்போது இல்லை. சித்தூர், பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் யாராவது வாங்கி இன்னும் திறக்காமல் வைத்திருந்தால், திறக்காமலேயே எனக்குச் சொல்லுங்கள்.